உப்புவெளியில் கேற்றிலிருந்து வீடுவரை கொங்கிரீட் பாதை: எந்த மாதத்தில் எந்த வேலை

திருகோணமலையில் வளவுக்குள் வாகனம் வந்து போகக் கொங்கிரீட் பாதை போடப்போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: "மழை விடட்டும், வெயில் எறிக்கத் தொடங்கினதும் போடுங்கோ." மழை மட்டும் விட்டால் போதும் என்ற இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. போட்ட கொங்கிரீட்டை மழை கெடுப்பது முதல் சில மணி நேரத்துக்குள்தான். அதற்குப் பிறகு பெய்கிற மழை நல்லதே செய்யும். எங்கள் பக்கத்தில் கொங்கிரீட்டுக்குப் பெரிய கேடு, வைகாசியில் மேற்கேயிருந்து வீசத் தொடங்குகிற கச்சான் காற்று. மாரியோ பாதை வேலையில் பாதியைச் செலவில்லாமல் செய்து தருகிறது. அதனால் எங்கள் வீட்டுப் பாதையை ஒரே மாதத்தில் போட்டு முடிக்காமல், ஆவணியில் தொடங்கி மாசியில் கொங்கிரீட் போடுவதென்று முடிவு செய்தோம்.

வருடத்துக்கு எங்களுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும் பங்கு ஒக்டோபர் நடுவிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். நவம்பரும் டிசம்பரும் உச்சம். பெப்ரவரியில் குறைந்து, மார்ச், ஏப்ரலில் பின்னேரங்களில் இடியோடு சில மழை வரும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான். கொழும்பிலும் காலியிலும் மழையைக் கொட்டுகிற அதே தென்மேற்குக் காற்றுத்தான் இதுவும். மலைநாட்டில் ஈரத்தை இறக்கிவிட்டு எங்களிடம் காய்ந்து, சூடாகி வந்து சேர்கிறது. கொழும்புக்காரர் மே மாதத்தை மழைக்காகத் தவிர்ப்பார். நாங்கள் அதே மே மாதத்தைக் காற்றுக்காகத் தவிர்க்க வேண்டும். தெற்கிலிருந்து வருகிற ஆலோசனையை அப்படியே எடுத்து இங்கே பொருத்தினால் சரிவராது.

காற்று என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கொங்கிரீட்டைக் கொட்டி மட்டம் இழுத்ததும் உள்ளே இருக்கிற சல்லியும் மணலும் மெல்லக் கீழே அமரும். தண்ணீர் மேலே கசியும். அந்த நேரத்தில் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் மேற்பரப்பு ஈரத்தில் மினுங்குவது தெரியும். கீழேயிருந்து தண்ணீர் வருகிற வேகமும், மேலே காற்று அதை உறிஞ்சுகிற வேகமும் ஒத்துப்போனால் பயமில்லை. காற்று முந்திவிட்டால் இன்னும் இறுகாத மேற்பரப்பு சுருங்கி, மயிரிழை போலத் தொடங்கிக் கோணல்மாணலாக வெடிக்கும். ஒரு சதுர மீட்டரில் மணிக்கு 1 கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாகிப் போனால் இந்த வெடிப்பு வரும் அபாயம் அதிகம் என்று கொங்கிரீட் பொறியியலில் ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். 35 பாகை வெயிலும் காய்ந்த காற்றும் சேர்ந்தால் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். எங்கள் வீதியிலேயே ஆனி மாதத்தில் போட்ட முற்றங்களைப் பார்த்தால் இது தெரியும். சீமெந்து குறைத்துப் போட்டுவிட்டான் என்று மேசனைத் திட்டுவார்கள். பல இடங்களில் சீமெந்தில் குறையே இல்லை. போட்டது காற்று வீசுகிற நேரம், அவ்வளவுதான்.

ஆவணி, புரட்டாசி

எங்கள் பாதை கேற்றிலிருந்து போர்ட்டிக்கோ வரை 40 அடி நீளம், 10 அடி அகலம். நிலம் முழுக்க மணல். உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் எல்லாம் இப்படித்தான். மணல் தண்ணீரை நன்றாக இறக்கும். ஆனால் ஓரத்தை மறிக்காமல் விட்டால் பாரம் ஏறினதும் பக்கவாட்டில் நழுவும். உவர்மலைப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு வேறு கதை. அங்கே நிலம் இறுகினது. அடித்தளத்தில் பிரச்சினை குறைவு, சரிவில் ஓடிவருகிற தண்ணீரைத் திருப்புவதுதான் வேலை.

முதலில் 9 அங்குலம் வெட்டி எடுத்தோம். 6 அங்குலம் கிரவல் (சிவந்த சரளை மண்), மேலே 4 அங்குலம் கொங்கிரீட் என்று வைத்தால் முடிந்த மட்டம் வளவு மண்ணைவிட 1 அங்குலம் உயர்ந்து நிற்கும். அப்படி நின்றால்தான் மழைக்கு மணல் பாதைமேல் ஏறாது. வெட்டும்போது ஒரு பழைய தென்னங்குற்றி வந்தது. மேலே தெரிந்ததை மட்டும் வெட்டிவிட்டு மூடலாம் என்றார்கள். நான் விடவில்லை. குற்றி உள்ளே கிடந்து உக்கினால் சில வருடத்தில் அந்த இடம் கோறையாகும், அதன் மேலுள்ள கொங்கிரீட் தொங்கி நிற்கும். முழுவதையும் தோண்டி எடுத்து, குழியை மணல் போட்டுத் தண்ணீர் விட்டு அடுக்கடுக்காக இறுக்கினோம்.

கிரவலை இந்த மாதங்களில் இறக்கியதற்குக் காரணம் உண்டு. மழை தொடங்கிவிட்டால் கிரவல் வெட்டுகிற இடங்களின் வழி சேறாகிவிடும், டிப்பர் போகாது. ஆறு நிரம்பினால் கங்கை மணலும் தட்டுப்படும், விலையும் ஏறும். தை, மாசியிலோ தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், கந்தளாய் எங்கும் பெரும்போக வெட்டு. டிராக்டர்கள் எல்லாம் வயலில் நிற்கும். அதனால் கிரவலும் மணலும் சல்லியும் செப்டெம்பருக்குள் வளவுக்குள் வந்துவிட்டன. எங்களுக்கு கிரவல் 3 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), முக்கால் அங்குலச் சல்லி ஒன்றேகால் கியூப், மணல் முக்கால் கியூப் போதுமானதாக இருந்தது. மணலுக்கும் சல்லிக்கும் படங்கு போட்டு, ஓரத்தில் கல் வைத்து மூடினோம். சீமெந்து மட்டும் வாங்கவில்லை. மாரி ஈரத்தில் மூன்று மாதம் கிடந்த சீமெந்து கட்டிபிடித்து வலுவும் குறைந்துவிடும். அதைப் போடுகிற வாரத்தில்தான் வாங்க வேண்டும். சீமெந்து ஆலை சீனக்குடாவில் இருக்கும்போது புதுச் சீமெந்து கிடைப்பதில் எங்களுக்கு என்ன கஷ்டம்?

கடற்கரை பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் மணல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறதே என்று தோன்றும். அதில் உப்பு இருக்கிறது, சிப்பித் துகளும் இருக்கிறது. அள்ளுவது சட்டப்படியும் குற்றம். தொட வேண்டாம்.

கிரவலை ஒரே தடவையில் 6 அங்குலம் கொட்டி மேலே கொம்பெக்டர் (அமுக்கி இறுக்குகிற மெசின்) ஓட்டினால் மேல்பாதிதான் இறுகும். 3 அங்குலமாக இரண்டு அடுக்குப் போட்டோம். எவ்வளவு தண்ணீர் தெளிப்பது என்பதற்கு மேசன் நானா ஒரு வழி காட்டினார். நனைந்த கிரவலில் ஒரு பிடி எடுத்து நன்றாக இறுக்கி, கையைத் திறக்க வேண்டும். உருண்டை உருண்டையாகவே நிற்க வேண்டும். பெருவிரலால் ஒரு தட்டு தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் காணாது. உடையாமல் நசிந்து உள்ளங்கையில் சிவப்பாக ஒட்டினால் கூடிவிட்டது, அன்றைக்குக் கொம்பெக்டரை எடுக்கவே வேண்டாம். கச்சான் நாட்களில் காலையில் தெளித்த தண்ணீர் பத்து மணிக்கெல்லாம் மேலே காய்ந்துவிடும். ஆகவே முதல் நாள் பின்னேரமே ஊறவிட்டு, விடியக் காலையில் அமுக்கினோம். இரண்டு பக்கமும் சீமெந்துக் கல்லால் ஓரம் கட்டியது மணல் நழுவாமல் இருக்க.

அப்போதே பாதைக்குக் குறுக்கே 4 அங்குலப் பிவிசி குழாய் இரண்டைப் புதைத்து, வாயை மூடி விட்டோம். பின்னால் தண்ணீர் லைனோ கரண்ட் வயரோ கொண்டுபோக வேண்டுமென்றால் கொங்கிரீட்டை உடைக்கத் தேவையில்லை.

கேற்றுக்கு வெளியே வீதிக் கானுக்கு மேலால் பாதை போகிறது. அது பிரதேச சபைக்குரிய கான். அதை மறித்து ஒன்றும் செய்யாமல், அங்கே கேட்டு அனுமதி எடுத்துத்தான் மூடி போட்டோம். இதையும் மழைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

மாரி

கார்த்திகையில் இரண்டு நாள் தொடர்ந்து வெயில் எறித்தால் போதும், "இப்ப போட்டால் என்ன?" என்று வீட்டில் ஒருவர் கேட்பார். போட வேண்டாம். அந்த வெயிலை நம்ப முடியாது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவானால் நிலைமை ஒரே நாளில் மாறும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது. புயலே வராவிட்டாலும், மேலே வெயில் எறித்தாலும் கீழே கிரவல் ஊறிப்போய்த்தான் இருக்கும். ஊறின தளத்தில் கொங்கிரீட் போட்டால், பிறகு தளம் காயும்போது கீழே இறங்கும், கொங்கிரீட் மேலே நிற்கும், நடுவில் வெற்றிடம் விழும். பிறகு கார் ஏறுகிற இடத்தில் உடையும்.

இந்த மாதங்களில் நாங்கள் செய்த வேலை ஒன்றே ஒன்று: வெறும் கிரவல் பாதையில் ஒவ்வொரு நாளும் வாகனத்தை ஓட்டியது. ஓட்டோ, கார், எரிவாயு கொண்டுவருகிற லொறி எல்லாம் அதன் மேல்தான். வேண்டுமென்றே டயரை ஒரே தடத்தில் விடாமல் மாற்றி மாற்றி விட்டோம். எங்கே பள்ளம் விழுகிறதோ அங்கே ஒரு குச்சியை ஓரத்தில் நட்டு வைத்தேன். கடும் மழை பெய்யும்போது குடையோடு போய் நின்று தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தேன். வரைபடத்தில் எவ்வளவு கீறினாலும் இது கிடைக்காது.

பார்த்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. பக்கத்து வளவுக் கூரையின் பீலித் தண்ணீர் மதிலுக்கு மேலால் பாய்ந்து எங்கள் பாதையின் நடுப்பகுதி ஓரத்தில் விழுந்துகொண்டிருந்தது. கல் ஓரத்துக்கு அடியில் மணலை அரித்து, முழங்கை போகிற அளவுக்கு ஒரு பொந்து. மேலே கிரவல் அப்படியே இருந்ததால் நின்று பார்த்தால் தெரியாது. கல்லைத் தட்டினால் வெறுஞ்சத்தம் கேட்டது. இதன் மேல் மாசியில் கொங்கிரீட் போட்டிருந்தால் அடுத்த மாரியில்தான் தெரியவந்திருக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னோம். அவர்கள் பீலிக்கு ஒரு குழாய் இறக்கி முன்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். மற்றது கேற்றடி. தண்ணீர் பவுசரும் மணல் டிப்பரும் வீதியிலிருந்து திரும்பி ஏறுகிற இடத்தில் டயர் தடம் இரண்டு அங்குலம் பதிந்திருந்தது. அந்த முதல் 8 அடிக்குக் கொங்கிரீட்டை 6 அங்குலமாக ஆக்குவதென்று அப்போது முடிவானது.

தண்ணீர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதையும் மழைதான் சொன்னது. முதலில் வீதிப் பக்கம் சரிப்பதாக யோசித்திருந்தோம். ஆனால் தென்னையும் எலுமிச்சையும் நிற்கிற பக்கம் விழுந்த மழை அரை மணி நேரத்தில் மணலுக்குள் இறங்கிவிடுகிறது. வீதிக் கானோ கார்த்திகையில் நிரம்பி வழிகிறது. எனவே 10 அடி அகலத்துக்கு 2 அங்குலம், தோட்டப் பக்கம் சரிவு. எங்கள் மழை எங்கள் கிணற்றுக்கே போய்ச் சேரட்டும்.

தை

தைப்பொங்கல் முடிந்ததும் மழை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. 2011இல் ஜனவரியிலும் பெப்ரவரி தொடக்கத்திலும் கிழக்கு மாகாணமே வெள்ளத்தில் நின்றது. எனவே நாள்காட்டியை விட நிலத்தைப் பார்க்க வேண்டும். பாதை ஓரத்தில் இரண்டடி ஆழத்துக்குக் குழி ஒன்று தோண்டி, மறுநாள் அதில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்போம். தண்ணீர் நின்ற வரைக்கும் வேலையைத் தொடவில்லை. குழி காய்ந்த பிறகு பள்ளங்களுக்குப் புதுக் கிரவல் போட்டு, பழையதைக் கொத்திக் கலந்து (மேலே தூவினால் ஒட்டாது), மறுபடி அமுக்கினோம். கடைசிப் பரீட்சை, பாரம் ஏற்றின டிராக்டர் பெட்டி ஒன்றை மெல்ல ஓட்டிப் பார்ப்பது. டயர் போகும்போது நிலம் மெத்தை போல அமுங்கி எழும்பினால் உள்ளே இன்னும் ஈரம் நிற்கிறது. எங்களுக்குக் கேற்றடியில் ஒரு இடத்தில் அப்படி இருந்தது. அந்த இடத்தைத் திறந்து காயவிட்டு மூடினோம்.

மேசன்மாரைப் பேசி நாள் பிடிப்பதும் தையில்தான். இங்கே வெறும் வானிலையை மட்டும் பார்த்தால் போதாது. மாசியில் சிவராத்திரி, கோணேசர் கோயிலுக்கு ஊரே போகும், அன்றும் மறுநாளும் வேலைக்கு ஆள் வராது. எங்கள் நானா மூதூர்க்காரர். இப்போதைய வருடங்களில் நோன்பும் மாசியை ஒட்டித்தான் வருகிறது, வருடத்துக்கு 10, 11 நாள் முன்னகர்ந்துகொண்டே போகும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் கொங்கிரீட் அள்ளச் சொல்வது நியாயமில்லை. "நோன்புக்கு முன்ன கொங்கிரீட்ட போட்டு முடிச்சிருவம் தம்பி, தண்ணி காட்டுற வேலைய நீங்க பாத்துக்குங்க" என்றார். அப்படியே நாள் குறித்தோம். பங்குனிக் கடைசிக்குத் தள்ளினால் சித்திரை வருடப்பிறப்பு வந்துவிடும். ஆட்கள் ஊருக்குப் போனால் திரும்ப இரண்டு வாரமாகும், அதற்குள் பின்னேர இடிமழையும் தொடங்கிவிடும். ஆக எல்லாம் கழித்துப் பார்த்தால் திருகோணமலைக்கு நல்ல காலம் பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிவரை.

கிணற்றுத் தண்ணீரும் இதையேதான் சொல்கிறது. கடலோரக் கிணறுகளில் ஆவணி வரும்போது தண்ணீர் கரிக்கத் தொடங்கும். மாரி கழிந்த மாசியில்தான் வருடத்திலேயே நல்ல தண்ணீர். கொங்கிரீட் குழைக்கவும் நாட்கணக்கில் நனைக்கவும் நிறையத் தண்ணீர் வேண்டும். வரட்சிக் காலத்தில் குழாய்த் தண்ணீரை இதற்கு ஊற்றுவது மனதுக்கும் ஒப்பாது.

மாசி

40 அடியை 8 அடியாக ஐந்து துண்டாகப் பிரித்தோம். இரண்டு துண்டு சந்திக்கிற இடம்தான் மூட்டு. 4 அங்குலக் கொங்கிரீட்டில் மூட்டுக்கு மூட்டு 10 அடிக்கு மேல் போனால் அது நடுவில் வெடித்துத் தானாகவே இன்னொரு மூட்டு உண்டாக்கிக்கொள்ளும். முதல் நாள் 1, 3, 5 ஆவது துண்டுகள். அவை இறுகின பிறகு 2, 4. இப்படி ஒன்றுவிட்டொன்று போடுவதால் ஒரு நாளைக்குரிய வேலை கைக்குள் அடங்கும், மழை இருட்டினால் ஒரு துண்டோடு நிறுத்தவும் முடியும்.

கம்பி போடவில்லை. பலருக்கு இது ஆச்சரியமாக இருந்தது. கம்பி வெடிப்பைத் தடுக்காது. வெடித்த துண்டுகள் விலகாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். கடலிலிருந்து இவ்வளவு கிட்ட, நான்கு அங்குலத் தடிப்புக்குள் கம்பி துருப்பிடித்து ஊதினால் அதுவே கொங்கிரீட்டைப் பிளக்கும். அடித்தளம் உறுதியாக இருந்து மூட்டும் கிட்டக் கிட்ட வந்தால் வீட்டுக் காருக்குக் கம்பி தேவையில்லை என்பது என் முடிவு. அந்தப் பணம் கேற்றடி 6 அங்குலத்துக்கும் நல்ல கலவைக்கும் போனது.

கலவை 1 பங்கு சீமெந்து, 1½ பங்கு மணல், 3 பங்கு சல்லி. 50 கிலோ மூட்டை ஒன்று ஒன்றேகால் கன அடிக்குக் கிட்ட வரும். அந்த அளவில் பலகைப் பெட்டி அடித்து, மணலையும் சல்லியையும் பெட்டியால் அளந்தோம். மண்வெட்டிக் கணக்கில் விட்டால் மத்தியானத்துக்குப் பிறகு கலவை மாறிவிடும். மொத்தம் 33 மூட்டைக்குக் கிட்டப் போயிற்று. ஒரு மூட்டைக்குத் தண்ணீர் 25 லீற்றர்தான் உச்சம். படங்குக்குள் கிடந்த மணலில் அடிப்பகுதி ஈரமாக இருந்தது, அதற்கு இன்னும் குறைக்க வேண்டும். கூரை டாங்கித் தண்ணீரை எடுக்கவில்லை. கறுப்பு டாங்கியில் பகல் முழுக்கச் சுட்ட தண்ணீர் கலவையைச் சீக்கிரம் இறுக்கும். கிணற்றிலிருந்து நேராக இறைத்தோம். வேலை செய்கிறவர்களுக்குக் கலவை இளகி ஓடினால் இழுக்க இலகு, அதனால் வாளி தானாகவே மெசின் பக்கம் போகும். மெசினடியில் நின்று "காணும், காணும்" என்று சொல்வதுதான் அன்றைக்கு என் முழுநேர வேலை.

விடிய வெளிச்சம் வந்ததும் தொடங்கினோம். கிரவலை முதல் நாள் இரவே நனைத்து, மேலே பொலித்தீன் விரித்திருந்தோம். வீட்டுச் சுவரோடு சேர்கிற இடத்தில் ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரைப்பலகை) பட்டி ஒன்று. பாதையும் வீடும் ஒட்டக் கூடாது, இரண்டும் வெவ்வேறாக அசையும். கொட்டி, வைபிரேட்டரால் இறுக்கி, நீளப் பலகையால் மட்டம் இழுத்தது வேகமாக முடிந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் பொறுமை தேவைப்பட்ட நேரம்.

மேலே தண்ணீர் கசிந்து மினுங்கத் தொடங்கியது. பெடியன் ஒருவர் மட்டப்பலகையோடு குந்தப் போனார், நானா கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தத் தண்ணீர் இருக்கும்போது தேய்த்தால் அது சீமெந்தோடு கலந்து மேலே பலவீனமான ஒரு தோலாகும். அடுத்த வருடமே தூளாகக் கிளம்பும். மாசிக் காலைக் காற்றில் ஈரம் உண்டு, மினுக்கம் மெதுவாகத்தான் மறைந்தது. முதலில் ஓரங்கள் மங்கின, பிறகு தீவு தீவாக நடுவில். முழுவதும் மங்கின பிறகு நானா ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினார். கால் அங்குலம் பதிந்தது, விரலில் தண்ணீர் ஒட்டவில்லை. "இப்ப ஏறலாம்." இதே மினுக்கம் கச்சானில் மட்டம் இழுத்து முடிக்கும் முன்பே காய்ந்துவிடும், தேய்க்க நேரமே இருக்காது.

மரப்பலகையால் தேய்த்து முடித்ததும், ஈரத் தும்புத்தடியைக் குறுக்கே ஒருதரம் இழுத்தோம். அந்த வரிகளில்தான் மழைநாளில் டயர் பிடிக்கும். மேலே சீமெந்துத் தூள் தூவி மினுக்கிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு உள்தரைக்கு அது சரி. வாகனப் பாதைக்கு வழுக்கும், உரியும், வேண்டாம்.

கை வைத்தால் பதியாத நிலை வந்ததும் நனைத்த சாக்கு, அதன் மேல் படங்கு. மறுநாள் காலை சுற்றிவரக் களிமண் வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். இப்போது கடைகளில் கிடைக்கிறது பெரும்பாலும், சாம்பல் போன்றவை சேர்த்த கலப்புச் சீமெந்துதான். மூட்டையில் இலங்கைத் தர எண் எஸ்எல்எஸ் 1247 என்று இருந்தால் அது. சாதாரண போர்ட்லண்ட் சீமெந்துக்கு எஸ்எல்எஸ் 107. கலப்புச் சீமெந்து கடலோரத்துக்கு நல்லது, ஆனால் தொடக்கத்தில் வலு ஏறுவது மெதுவாக. ஏழு நாள் நனைத்தால் போதும் என்ற பழைய கணக்கோடு நிறுத்தாமல் இரண்டு வாரம் ஈரம் காயவிடவில்லை. மாசிப் பனி மூசிப் பெய்யும் என்பார்கள்; விடியச் சாக்கைத் தொட்டால் ஈரம் அப்படியே இருக்கும். காலையும் பின்னேரமும் ஊற்றினால் காணும். ஆடியில் இதையே மணிக்கொருதரம் செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டாவது, நான்காவது துண்டுகளைப் போடும்போது பழைய துண்டுகளின் ஓரத்தில் பொலித்தீன் பட்டி வைத்துப் பிரித்தோம். மற்றபடி அதே வேலை.

ஏழு நாளில் கொங்கிரீட் தன் வலுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பெறும். கலப்புச் சீமெந்தில் அதையும்விடக் குறையலாம். மோட்டார் சைக்கிளை ஒரு வாரம் கழித்து விட்டோம், காரை இரண்டு வாரம் கழித்து. தண்ணீர் பவுசருக்கு 28 நாள் வரை வீதியில் நின்றே குழாய் இழுக்கச் சொன்னோம்.

மாசியைப் பிடிக்க முடியாதவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்து, நிற்கும்போதே முடித்துவிட்டுப் போகவேண்டும் என்பவர்கள் நிறைய. அப்படியானால் காலையில் தொடங்க வேண்டாம். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு கொட்டத் தொடங்குங்கள்; இரவின் குளிரில் இறுகட்டும். மேற்குப் பக்கம் ஆளுயரத்துக்குப் படங்கு கட்டிக் காற்றை மறியுங்கள். சல்லியை நிழலில் வைத்து நனையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு துண்டு, இரண்டு துண்டுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். செப்டெம்பர் கடைசி இதைவிடப் பரவாயில்லை. கச்சான் தணிந்திருக்கும், பின்னால் வருகிற மழையே நனைத்துக் கொடுக்கும். ஒரே குறை, அடித்தளம் மாரியைப் பார்க்காமலே மூடப்படுகிறது. பல வருடமாக வாகனம் ஓடி இறுகின பாதை என்றால் அதுவும் குறையாகாது.

இன்டர்லாக் கல்லுக்கு இந்தக் காற்றுக் கணக்கு இல்லை. ஆனியிலும் பதிக்கலாம். ஆனால் அடித்தளக் கணக்கு அப்படியேதான். கல்லுக்கு அடியில் விரிக்கிற மணலை மழை அரித்துவிடும், அதனால் மாரிக்குள் பதிக்க வேண்டாம். ஓரம் இறுக்கிக் கட்டாமல் விட்டால் எங்கள் மணல் நிலத்தில் இரண்டு வருடத்தில் கற்கள் விலகி நிற்கும்.

எங்கள் பாதையில் இன்னும் ஒரு வேலை மிச்சம். கொங்கிரீட் மாதக்கணக்கில் காய்ந்து சுருங்கும், மூட்டுகள் மெல்ல விரியும். கச்சான் முழுவதும் வீசி முடிந்தால்தான் அவை எவ்வளவு விரியும் என்று தெரியும். எனவே இப்போது ஒன்றும் பூசாமல் விட்டிருக்கிறோம். ஆவணிக் கடைசியில், ஒரு காலை நேரத்தில், மூட்டுக்குள் விழுந்த மணலைக் கம்பியால் கிளறித் துப்புரவாக்கி, காய்ந்திருக்கும்போதே தார் ஊற்ற வேண்டும். கூடவே கேற்றடிக் கானையும் ஐப்பசி பிறக்கும் முன் அள்ளிவிட வேண்டும்.